இரண்டாம் மாடியில் பத்தொன்பது நாள்

மார்கழி முடியப் பத்து நாள் இருக்கும்போது வளர்மதி தன் அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்காகச் சென்னைக்குப் போனாள். கொடுக்கிறேன் என்று எப்போது சொன்னோம் என்பது அவளுக்கே நினைவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரம் பக்கத்துக் காவாந்தண்டலத்தில் அண்ணன் தாமோதரன் வீட்டில் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். தாமோதரனுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. சொந்தத்தில் யாராவது ஒன்று கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி சாமுண்டீஸ்வரிக்குச் சர்க்கரை. அவளிடமிருந்து எடுக்க முடியாது. மகள் ஜெயப்பிரியாவுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஏனாத்தூர் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். பெரியப்பா மகனுக்கு ரத்த வகை சேரவில்லை. "கூடப் பொறந்தவ ஒருத்தி கீறாளே" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் வளர்மதியைப் பார்த்தார்கள். அவள் காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பேச்சு ஆஸ்பத்திரிக்கும் தேதிக்கும் போய்விட்டிருந்தது. பெரியம்மா அவள் கன்னத்தை வழித்து நெற்றியில் நெட்டி முறித்தாள்.

வளர்மதிக்கு முப்பத்தொன்பது வயது. சாலவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பார்த்திபன் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறான். இரண்டு ஏக்கர் நிலத்தையும் அவள்தான் பார்த்தாள். நாற்று விடுவது, மடை பார்ப்பது, அறுத்து மூட்டை பிடித்து வண்டியில் ஏற்றுவது வரை எல்லாம் அவள்தான். ஒரே மகன் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தான்.

அண்ணன்மேல் அவளுக்குக் குறை எதுவும் கிடையாது. அதுதான் கஷ்டம். அப்பா இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பத்தொன்பது. ஐ.டி.ஐ. படிப்பை விட்டுவிட்டு ஊரார் நிலத்தில் டிராக்டர் ஓட்டி அவளை வளர்த்தான். கல்யாணம் செய்துவைத்தான். இன்றைக்கும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். இதையெல்லாம் அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள். ஐப்பசிக்குப் பிறகு அவளைப் பார்த்த ஒவ்வொருவரும் சொன்னார்கள்.

சென்னையில் அவர்கள் தங்கிய இடம், சமைத்துச் சாப்பிடும் வசதியோடு நாள் வாடகைக்கு விடுகிற ஃப்ளாட். தாமோதரனுக்கு ஓட்டல் சாப்பாடு ஆகாது. காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி சமைக்க வேண்டும்; உப்பு கூடாது; குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. அதனால் ஜெயப்பிரியா போனிலேயே தேடி, ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இதைப் பிடித்துக் கொடுத்திருந்தாள். மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு பேர் நிற்கக்கூடிய சமையலறை. அடுப்பு கரண்டில் ஓடுவது. ஊரிலிருந்து வளர்மதி கொண்டுவந்த அலுமினியச் சட்டியை அதில் வைத்தால் அடுப்பு கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோகும். ஃபிரிட்ஜ் கதவில், செய்யக்கூடாதவை என்ற தலைப்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. கருவாடு சமைக்கக் கூடாது.

தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது. காலையில் கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறும். பிறகு மாலை வரை ஒருவருமில்லை. எதிர் வீட்டு வேலைக்காரப் பெண் நாயை நடத்திக்கொண்டு போவாள். பதினோரு மணிக்கு எங்கோ ஒரு குக்கர் விசில் அடிக்கும். பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய செருப்பை வைத்துத்தான் தெரிந்தது. சாலவாக்கத்தில் வளர்மதி வாசலைத் தாண்டினால் நாலு பேர் எங்கே போறே என்று கேட்பார்கள். அது அவளுக்கு எரிச்சலாக இருக்கும். இங்கே கேட்க ஒருவருமில்லை. மூன்றாம் நாளே மூச்சு முட்டியது.

அண்ணி சாமுண்டீஸ்வரி அவளை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருடத்தில் நாத்தனாருக்குத் தட்டு எடுத்து வைத்தவள் இல்லை அவள். இப்போது காலையில் இரண்டு முட்டை, பத்து மணிக்கு மாதுளை, மத்தியானம் கீரை, மாலையில் பேரீச்சம்பழம் என்று எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். தாமோதரனுக்குத் தனியாக, அவளுக்குத் தனியாக, தனக்கு மிச்சத்தில் ஏதோ ஒன்று. முட்டி வலியோடு நின்று நின்று சமைத்தாள். வளர்மதி பாத்திரம் துலக்கப் போனால் கையைப் பிடித்து நகர்த்தினாள். கனமானது எதையும் தூக்கக்கூடாது, ஜன்னல் பக்கம் நிற்கக்கூடாது, சளி பிடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். வளர்மதி தும்மினால் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சந்தைக்கு ஓட்டிப்போகும் முன் மாட்டைக் குளிப்பாட்டித் தீனி வைப்பது அவள் நினைவுக்கு வந்தது. நினைத்ததற்கு அவளே வெட்கப்பட்டாள். அண்ணியின் கண்ணில் இருந்தது பயம்தான், வேறொன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தாமோதரனும் சாமுண்டீஸ்வரியும் டயாலிசிஸுக்குப் போனார்கள். போனால் திரும்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும். மற்ற நாட்களில் வளர்மதிக்குப் பரிசோதனை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு முடிவு வரும்போதும் அண்ணி சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். எல்லாம் நன்றாக இருந்தது. வளர்மதி இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ஏழாம் நாள் அவள் தனியாக இருந்தபோது கீழே இறங்கினாள். ஒரு காரணமும் இல்லை. வெயிலில் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று இருந்தது. தெருக்கோடி வரை போனாள்; அங்கே தள்ளுவண்டியில் கீரை விற்றவளிடம் பேச்சுக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். மாடிக்கு வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது. எண் போட்டால்தான் திறக்கும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து வெளியே போக எண் வேண்டாம், வெளியேயிருந்து உள்ளே வரத்தான் வேண்டும். அந்த எண்ணை யாரும் அவளிடம் சொல்லவில்லை. போன் உள்ளே இருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்தாள். அரை மணி கழித்துப் பக்கத்து ஃப்ளாட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் காவலாளி மேலே வந்தார். யார், எந்த வீடு, பெயர் என்ன என்று கேட்டார். சொன்னாள். வாடகைக்கு எடுத்தவர் பெயர் ஜெயப்பிரியா என்றல்லவா இருக்கிறது என்றார். அவளைக் கீழே வாசல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஊரில் ஐம்பது கிலோ மூட்டையை இடுப்பு கொடுத்துத் தூக்குகிறவள், கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய சாமுண்டீஸ்வரி அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நடுவில் போன் செய்திருக்கிறாள், யாரும் எடுக்கவில்லை.

"போய்ட்டியோன்னு நெனைச்சேன் வளரு" என்றாள்.

மேலே போனதும் வளர்மதி எண்ணைக் கேட்டாள். அது போனில் மெசேஜாக வந்தது, தனக்கே அடிக்கடி மறந்துபோகிறது என்றாள் அண்ணி. பிறகு சொல்லவே இல்லை. அன்றிலிருந்து டயாலிசிஸுக்குத் தாமோதரன் காவாந்தண்டலத்திலிருந்து வந்த ஒரு சொந்தக்காரனோடு போனான். அண்ணி வளர்மதியோடு வீட்டில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் குளியலறைக்குள் நின்றுகொண்டு வளர்மதி பார்த்திபனுக்குப் போன் செய்தாள். அவன் ஷிப்ட் முடிந்து பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். தனக்கு இது வேண்டாம்போல இருக்கிறது என்று சொன்னாள். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுமுனையில் தண்ணீர்க் குழாய் நின்றது.

"நான் இன்னான்னு சொல்றது மதி" என்றான். "நான் வேணாம்னு சொன்னா பொண்டாட்டிய தடுத்துட்டான்னு என்ன பேசுவாங்க. புருஷன் சம்மதம்னு கையெழுத்து கேட்டாங்க, போட்டுட்டேன். உங்கண்ணன் ஆச்சு, நீ ஆச்சு."

நாற்று இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது, நடவுக்குத் தெருக்கார ஜெயம்மாள் ஆட்களைக் கூட்டி வருகிறாள் என்று மட்டும் பிறகு சொன்னான். வளர்மதி குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

பொங்கல் அந்த ஃப்ளாட்டில்தான் வந்தது. சாமுண்டீஸ்வரி குக்கரில் பொங்கல் வைத்தாள். பொங்கி வழிய வழியில்லை, விசில்தான் வந்தது. தாமோதரன் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டான், அதற்கு மேல் அவனுக்கு ஆகாது. கால் வீங்கி, முகம் கறுத்து, இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக நரம்பை இணைத்த இடம் புடைத்திருந்தது. அவனும் அந்த வீட்டில் அடைந்துதான் கிடந்தான். ஒரு லிட்டர் பாட்டிலில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் அதையே பார்த்துப் பார்த்துக் குடித்தான்.

சாப்பிட்டு முடித்தபின் தாமோதரன் அவளிடம் நாற்றைப் பற்றிக் கேட்டான். எந்த ரகம், ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, நடவுக்கு ஆள் கிடைத்ததா என்றெல்லாம் விசாரித்தான். பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பல வாரமாகவே பார்ப்பதில்லை. சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பயமா கீதா பாப்பா?" என்று கேட்டான்.

வளர்மதி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"அவளுக்கு இன்னா பயம்?" என்று சமையலறையிலிருந்து சாமுண்டீஸ்வரி சொன்னாள். "மூட்ட தூக்குறவ. நமக்குத்தான் பயம்."

தாமோதரன் தலையை ஆட்டினான். பதில் கிடைத்துவிட்டது போல பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். வளர்மதி வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் பயம் மட்டுமில்லை. மயக்கம் தெளியும்போது நிறைய வலிக்கும் என்றார்கள், அது பெரிதில்லை. மூன்று மாதம் கனம் தூக்கக்கூடாது, அதையும் சமாளிக்கலாம். ஒன்றே போதும், ஒன்றோடு எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் விளக்கினார், அதையும் நம்பினாள். எல்லாக் காரணத்துக்கும் ஒரு பதில் இருந்தது. எல்லாம் போன பிறகும் ஒன்று மிஞ்சி நின்றது. அவளுக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான். அண்ணன் சாகக் கிடக்கும்போது இஷ்டமில்லை என்பதை ஒரு காரணமாக வெளியே எடுத்து வைக்க அவளால் முடியவில்லை. நான் என்ன பொம்பளை என்று தன்னையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

பதினான்காம் நாள், ஆபரேஷனுக்கு அனுமதி தரும் கமிட்டி. கொடுப்பவரையும் வாங்குபவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு வீடியோ எடுப்பார்கள். அதற்கு அண்ணி மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டால் இல்லை என்று சொல். பணம் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டால் இல்லை என்று சொல். முழு மனதோடு என்று சொல். வளர்மதி பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தும் காட்டியிருந்தாள்.

கமிட்டிக்கு முன்னால் அவளை மட்டும் தனியாக ஒரு சின்ன அறைக்கு அழைத்தார்கள். அண்ணியும் எழுந்தாள், நர்ஸ் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். உள்ளே சோபியா என்ற பெண் இருந்தாள். உறுப்பு கொடுக்க வருகிறவர்களோடு பேசுவதுதான் தன் வேலை என்றாள். முப்பது வயதிருக்கும். மேசையில் பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸை மூடி ஓரமாக வைத்தாள்.

வீட்டில் யார் யார், என்ன வேலை என்றெல்லாம் கேட்டுவிட்டு, உங்களுக்கு இதில் விருப்பமா என்று கேட்டாள். முழு மனதோடுதான் கொடுக்கிறேன் என்று வளர்மதி சொன்னாள்.

சோபியா எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதையேதான் எல்லாரும் சொல்றாங்கம்மா. இந்த ரூம்ல பேசுறது வெளிய போகாது. உங்க அண்ணனுக்கும் போகாது. அதனால இன்னொரு தடவ கேக்குறேன். விருப்பமா?"

சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. வளர்மதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோபியா அவசரப்படுத்தவில்லை.

"வேணாம்னு சொன்னா காரணம் சொல்லணுமா?" என்று வளர்மதி கேட்டாள்.

"வேண்டாம்."

"எங்கண்ணன் நல்லவரு. கெட்டவரா இருந்தா சுலுவா சொல்லிருப்பேன்."

"சரி."

"எனக்கு இஷ்டம் இல்ல" என்றாள் வளர்மதி. சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை.

சோபியா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு நடப்பதை விளக்கினாள். உங்களிடமிருந்து எடுக்க முடியாது என்று மட்டும் டாக்டர் சொல்லுவார்; ஏன் என்று குடும்பத்துக்குச் சொல்வது வழக்கமில்லை; வற்புறுத்திக் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். அண்ணன் பெயரை, இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்கான வரிசையில் பதிந்துகொள்வார்கள். கிடைக்க வருடங்கள் ஆகலாம், அதுவரை டயாலிசிஸ் ஓடும். எதையும் மறைக்காமல் சொன்னாள். கிடைக்காமலும் போகுமா என்று வளர்மதி கேட்டாள். போகலாம் என்றாள் சோபியா.

கமிட்டி நடக்கவில்லை. அன்று மாலை டாக்டர் தாமோதரனையும் சாமுண்டீஸ்வரியையும் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டே நிமிடம்.

வளர்மதி நினைத்தது, இதோடு கதவு திறந்துவிடும் என்று. திறக்கவில்லை. ஃப்ளாட்டுக்கு இன்னும் ஐந்து நாள் வாடகை கட்டியிருந்தது. டாக்டர் இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார். முதல் இரண்டு நாள் அவளிடம் அவர்கள் இன்னும் அன்பாக இருந்தார்கள். எல்லாப் பரிசோதனையும் நன்றாக வந்தவளுக்குக் கடைசியில் என்ன கோளாறு என்பதுதான் பேச்சு. சாமுண்டீஸ்வரி அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டை வேகவைக்கப் போனாள். கொடுக்கத்தானே வந்தாள், பாவம், சாமி விடவில்லை என்று ஊருக்கெல்லாம் போனில் சொன்னாள். பெரியம்மா அங்கிருந்து அழுதாள். தாமோதரன் பல வாரத்துக்குப் பிறகு தங்கை முகத்தை நேராகப் பார்த்தான்.

"உனக்கு இன்னாமோ கீதுன்னு சொல்லாம சொல்றாங்க பாப்பா" என்றான். "வேற ஆஸ்பத்திரியில ஒருதரம் காட்டிடலாம். எனக்குன்னு வெச்ச பணத்துல உனக்குப் பாக்கலாம். நீ ரெண்டு ஏக்கர வெச்சிகினு அல்லாடுறவ."

அவள் வேண்டாம் என்றாள். அவன் விடவில்லை. யாரிடமோ விசாரித்து ஒரு லேடி டாக்டர் பெயரைத் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டான். அவன் அப்படிக் கவலைப்பட்டதை அவளால் தாங்க முடியவில்லை. அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பதினாறாம் நாள் மத்தியானம் சாமுண்டீஸ்வரி கூடத்தில் போன் பேசுவது கேட்டது. ஜெயப்பிரியாவிடம் பேசினாள். சனிக்கிழமை காலேஜ் லீவு போட்டுவிட்டு வா, ரத்தம் மட்டும் எடுத்துப் பார்க்கட்டும், அப்பாவிடம் இப்போது சொல்லாதே, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் ஜெயப்பிரியா சரிம்மா, சரிம்மா என்று சொல்வது வளர்மதிக்குக் கேட்டது. இரண்டு தடவைதான் சொன்னாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அண்ணி மருந்து வாங்கக் கீழே இறங்கிப் போனதும் வளர்மதி அண்ணன் படுத்திருந்த அறைக்குள் போனாள். அவன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ண்ணா, ஜெயப்பிரியாவ வரச் சொல்லிகீது அண்ணி. சனிக்கெழம. அவளுக்கு டெஸ்ட் எடுக்க."

தாமோதரன் முகம் மாறியது. "யாரு கேட்டது அத?"

"இன்னொண்ணும் கீது. எனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல. நான்தான் வேணாம்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு தனியா கூப்டுக் கேட்டா. அவகிட்ட சொல்லிட்டேன்."

கீழே யாரோ காரைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டு நின்றது.

"இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"அவளையும் இட்டாந்து இதே மாதிரி உக்கார வெப்பீங்க. முட்ட குடுப்பீங்க, பழம் குடுப்பீங்க. யாரும் கேக்க மாட்டீங்க. அவ சரிம்மான்னுதான் சொல்லுவா."

"நான் உன்னக் கேட்டேன். பயமா கீதான்னு கேட்டேன் இல்ல?"

"கேட்ட. அண்ணி பதில் சொல்லிச்சு. நீ வுட்டுட்ட."

தாமோதரன் புடைத்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"சொல்லாமயே இருந்திருக்கலாம் நீ. ரெண்டு நாளா மனசு ஒரு மாதிரி சமாதானமா இருந்துது. அவ குடுக்கத்தான் வந்தா, நம்ம தலையெழுத்துன்னு. அதையும் எடுத்துட்ட."

வளர்மதி நின்றுகொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்று சொல்லலாமா என்று நினைத்தாள். அப்படிச் சொன்னால் செய்தது தப்பு என்றாகும். தப்பா என்பது அவளுக்கே தெரியவில்லை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாமுண்டீஸ்வரி வந்ததும் அவன் கூடத்துக்கு எழுந்து வந்தான். ஜெயப்பிரியாவுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். அவள் மறுத்தாள். பெத்த பொண்ணு அப்பனுக்குக் கொடுக்காமல் யார் கொடுப்பார்கள் என்றாள், நீ போய்விட்டால் நாங்கள் எங்கே போவது என்றாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் உரக்கப் பேசியதில்லை. தாமோதரன் உரக்கப் பேசினான்.

"அதும் மேல கத்தி வெச்சி நான் ஒரு நாளும் உசுரோட இருக்க மாட்டேன். போன் போடு."

காவலாளி மேலே வந்து, பக்கத்து வீட்டில் குறை சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாமுண்டீஸ்வரி போன் போட்டாள். பேசி முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். வளர்மதி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முட்டியைப் பிடித்துவிட்டாள். அண்ணி அந்தக் கையைத் தள்ளவில்லை. நீ என்னடி செய்வே, உன் உடம்பு அப்படி என்று சொன்னாள். தாமோதரன் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் உண்மையைக் கடைசி வரை அண்ணியிடம் சொல்லப்போவதில்லை என்பது வளர்மதிக்கு அப்போதே புரிந்தது.

பத்தொன்பதாம் நாள் வாடகைக் காரில் திரும்பினார்கள். தாமோதரன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டரை மணி நேரத்தில் தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாலவாக்கத்தில் அவள் இறங்கியபோது சாமுண்டீஸ்வரிதான் இறங்கி வந்து பையை எடுத்துக் கொடுத்தாள். நடவு முடிந்து வயல் பச்சை பிடித்திருந்தது. வளர்மதி வீட்டுக்குள் போகாமல் நேராக வரப்பில் இறங்கி, கடைசி மடை வரை நடந்து திரும்பி வந்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கால் மட்டும்தான் நடந்தது.

பார்த்திபனிடம் உண்மையைச் சொன்னாள். அவன், யாரிடமும் சொல்லிவிடாதே என்றான். தெருவில் பெண்கள் வந்து, என்னம்மா உடம்புக்கு, பார்த்துக்கொள் என்றார்கள். அவள் தலையை ஆட்டினாள். அப்படி ஆட்டும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாம் மாடிக் கூடத்தில் மறுபடி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. தை கடைசியில் தாமோதரனுக்கு மூச்சுத்திணறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டாள். பார்த்திபனோடு போய்ப் பார்த்தாள். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்குகிறானா இல்லையா என்று தெரியவில்லை. கொடுத்திருந்தால் இது நடந்திருக்காதே என்ற நினைப்பு வந்தது. வந்து, அவளோடேயே தங்கிவிட்டது. கொடுத்திருக்கலாமே என்று மட்டும் ஏனோ தோன்றவில்லை. இரண்டும் எப்படி ஒரே நெஞ்சில் இருக்கின்றன என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு காலை. களையெடுப்புக்கு ஜெயம்மாளும் ஆறு பேரும் வயலில் இறங்கியிருந்தார்கள். வரப்பில் வைத்திருந்த போன் அடித்தது. அண்ணன் பெயர். சென்னையிலிருந்து வந்து ஐந்து வாரத்தில் அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

சாமுண்டீஸ்வரிக்குக் காலில் புண்ணாம், சர்க்கரையால் ஆறவில்லையாம், நடக்கக்கூடாதாம். காஞ்சிபுரத்தில் டயாலிசிஸுக்கு அவனோடு போக ஆள் இல்லை.

"நாளைக்கு வர முடியுமா பாப்பா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நான் ஆட்டோக்காரன இட்டுக்கினு போய்க்கிறேன்" என்றான்.

வளர்மதி வயலைப் பார்த்தாள். நாளைக்கும் ஆட்கள் வருகிறார்கள். பாதி வயல் பாக்கி இருந்தது.

"நாளைக்கு முடியாதுண்ணா" என்றாள். "களை எடுத்துகினு கீறோம்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி பாப்பா" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

"வெள்ளிக்கெழம வரேன். எத்தினி மணிக்கு?"

"ஏழு மணிக்கு மிஷின்ல படுக்கணும்."

ஆறு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன் என்றாள். போனை வைத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை விடியுமுன் பார்த்திபன் தன் கம்பெனி பஸ்ஸை எடுக்கப் போகும் வழியில் அவளை உத்திரமேரூரில் இறக்கிவிட்டான். காஞ்சிபுரம் போகும் முதல் பஸ்ஸில் ஏறினாள்.